நூறு பக்க இருட்டு: ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலை வாசிப்பது எப்படி?

நூறு பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும் என்று தோன்றும். ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலை எடுத்த பலரும் அப்படி நம்பித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நான் முதல் தடவை பதினைந்தாம் பக்கத்தில் மூடி வைத்தேன். காங்கோ ஆறு, யானைத் தந்தம், காட்டுக்குள் போய்க் கெட்டழிந்த ஒரு வெள்ளைக்காரர் என்று கேள்விப்பட்டுத் திறந்தவன் நான். உள்ளே தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் ஐந்து பேர் பாய்மரப் படகில் உட்கார்ந்து கடல் ஓதம் திரும்பக் காத்திருக்கிறார்கள். பொழுது சாய்கிறது. ஒருவர் பேச ஆரம்பிக்கிறார், அதுவும் ரோமானியர்களைப் பற்றி. காங்கோவைக் காணோம்.

சில வருடங்கள் கழித்து முடித்தேன். இடையில் என் ஆங்கிலம் ஒன்றும் பெரிதாகத் தேறிவிடவில்லை. வாசிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். அந்த நடையில் கொட்டிக் கிடக்கும் அடைமொழிகளைத் துரத்துவதை விட்டுவிட்டு ஆணி, கம்பி, குழாய், நூல், தந்தம் என்று பொருள்களைப் பிடித்துக்கொண்டேன். கீழே வருவது அதன் விரிவு. கதையின் முடிவையும் சொல்லப்போகிறேன். இது முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற கதை இல்லை.

1. பிரதியைத் தேர்வு செய்யுங்கள், முன்னுரையைத் தாண்டுங்கள்

கான்ராட் 1924-இல் இறந்தார். நாவல் பதிப்புரிமை தீர்ந்து பொதுவுடைமையாகிவிட்டது. ப்ராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசமாகக் கிடைக்கிறது. லிப்ரிவாக்ஸில் ஒலிவடிவமும் உண்டு. காசு கொடுத்து வாங்குவதானால் அடிக்குறிப்புகள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அதன் நீண்ட முன்னுரையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னுரை எழுதும் பேராசிரியர்கள் நீங்கள் நாவலை ஏற்கெனவே நாலு முறை படித்தவர் என்ற நினைப்பில் எழுதுகிறார்கள்.

2. திறப்பதற்கு முன் அரை மணி நேர வரலாறு

நாவலில் காங்கோ என்ற பெயரே வராது. பெல்ஜியம், பிரஸ்ஸல்ஸ், லியோபோல்டு மன்னர், எதுவும் வராது. பிரஸ்ஸல்ஸ் வரவேண்டிய இடத்தில் ஒரு நகரம் கதைசொல்லி மார்லோவுக்கு ‘வெள்ளையடிக்கப்பட்ட கல்லறை’யை நினைவூட்டுகிறது. பைபிள் வாசித்தவர்களுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்: வெளியே பளபளப்பு, உள்ளே எலும்புகள். ஆகவே பெயர்களை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

1884 நவம்பரில் தொடங்கி 1885 பிப்ரவரி வரை பெர்லினில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கிட்டுக்கொள்வதற்கான விதிகளை வகுத்தன. அந்த அறையில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லை. அதே காலத்தில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு காங்கோவைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். பெல்ஜிய நாட்டின் கைக்குள் அல்ல, தனி மனிதராகத் தன் கைக்குள். பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கும் மேற்பட்ட நிலம். அதற்குச் ‘சுதந்திர அரசு’ என்று பெயர். 1908 வரை அது நீடித்தது. மனிதர் ஒருமுறைகூட அங்கே கால் வைக்கவில்லை.

ஒன்றை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. காங்கோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வெட்டப்பட்ட கைகளின் புகைப்படங்கள். அவை ரப்பர் காலத்தைச் சேர்ந்தவை. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகு ரப்பருக்குக் கிராக்கி ஏறி, அந்தக் கொடுமை 1890-களில் உச்சத்துக்குப் போனது. கான்ராட் அங்கே இருந்தது 1890-இன் பிற்பாதியில், தந்தக் காலத்தில். நாவலில் வெட்டப்பட்ட கைகளைத் தேடாதீர்கள்; இருக்காது.

கான்ராடைப் பற்றி இவ்வளவு போதும். போலந்துக்காரர், 1857-இல் ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்த, இன்றைய உக்ரைன் ஊரான பெர்டிச்சிவில் பிறந்தவர். அரசை எதிர்த்ததற்காகத் தந்தை நாடுகடத்தப்பட்டார். பதினொரு வயதில் மகன் பெற்றோர் இருவரையும் இழந்திருந்தார். போலிஷ், பிரெஞ்சுக்குப் பிறகு ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. அதையும் இருபது வயதுக்கு மேல் கப்பல்களில் கற்றுக்கொண்டார். அடுத்த தடவை அவருடைய வாக்கியம் உங்களைத் திணறடிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பெல்ஜிய வணிக நிறுவனத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் சேர்ந்து, மட்டாடியிலிருந்து கின்ஷாசாவரை நடந்து, ‘ருவா தே பெல்ஜ்’ என்ற நீராவிப் படகில் இன்று கிசங்கானி எனப்படும் ஸ்டான்லி ஃபால்ஸ் வரை போனார். அங்கே நோயுற்றிருந்த க்ளைன் என்ற முகவரை ஏற்றிக்கொண்டு திரும்புகையில் அவர் வழியிலேயே இறந்தார். கான்ராடும் நோயில் விழுந்து சில மாதங்களில் ஊர் திரும்பினார். நாவலில் காட்டுக்குள் போய்க் கெட்டழிந்த அந்த வெள்ளைக்காரர் கர்ட்ஸ்; கையெழுத்துப் பிரதியில் அவருக்கு முதலில் இருந்த பெயர் க்ளைன்தான். ஜெர்மன் மொழியில் ‘க்ளைன்’ என்றால் சிறியது, ‘கர்ட்ஸ்’ என்றால் குட்டை.

3. மூன்று அமர்வு, அகராதி இல்லாமல்

1899 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மூன்று மாதம் பிளாக்வுட்ஸ் பத்திரிகையில் தொடராக வந்த கதை இது. மூன்று பாகங்கள். மூன்று அமர்வாகவே வாசியுங்கள். ஒரு பாகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பாகத்தின் நடுவே நிறுத்தாதீர்கள். மறுநாள் எடுத்தால் யார் பேசுகிறார், படகு எங்கே நிற்கிறது என்பதே மறந்திருக்கும்.

முதல் வாசிப்பில் அகராதி வேண்டாம். புரியாத வாக்கியத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். எங்கே போகிறோம் என்ற குழப்பம் வராமலிருக்க, கம்பெனிப் படகின் தலைவராகக் கர்ட்ஸை அழைத்துவரப் போகும் மார்லோவின் பாதை மட்டும் இது: தேம்ஸ், ஐரோப்பிய நகரம், ஆப்பிரிக்கக் கரை, கரையோர நிலையம், இருநூறு மைல் நடை, நடு நிலையம், இரண்டு மாத ஆற்றுப் பயணம், கர்ட்ஸின் உள் நிலையம், மறுபடி ஐரோப்பிய நகரம், தேம்ஸ். மார்லோ, கர்ட்ஸ் தவிரப் பெரும்பாலோருக்குப் பெயர் கிடையாது. மேலாளர், கணக்காளர், செங்கல் அறுப்பவர், ரஷ்யர் என்று தொழிலோ ஊரோ மட்டும்தான். ‘யாத்திரிகர்கள்’ என்று வந்தால் பக்தர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் தடியோடு சும்மா திரியும் கம்பெனி வெள்ளையர்களுக்கு மார்லோ வைத்த பட்டப்பெயர் அது. செங்கல் அறுப்பவர் ஒரு செங்கலும் அறுப்பதில்லை என்பதையும் முன்பே சொல்லிவைக்கிறேன்.

கறுப்பர்களை இழிவுபடுத்தும் ஆங்கிலச் சொல் பலமுறை வரும். கடிக்கும். அந்தப் பக்கங்களையும் புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். எட்டாம் படியில் அவை தேவைப்படும்.

4. மேற்கோள் குறியைப் பாருங்கள்

ஏறக்குறைய ஒவ்வொரு பத்தியும் ஏன் மேற்கோள் குறியோடு தொடங்குகிறது, ஏன் பல இடங்களில் அது மூடப்படுவதில்லை என்று குழம்பியிருப்பீர்கள். காரணம் எளிது. நாவல் முழுக்க மார்லோ பேசிக்கொண்டிருக்கிறார். அதைப் படகிலிருக்கும் பெயரில்லாத ஒருவர் கேட்டு நமக்குச் சொல்கிறார். வேதாளமும் விக்கிரமாதித்தனும் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கதைக்குள் கதை புதிதல்ல. ஆனால் வேதாளம் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும், பதிலும் உண்டு. மார்லோவின் கதைகளில் அர்த்தம் கொட்டைக்குள் பருப்புபோல உள்ளே இருக்காது, நிலவைச் சுற்றி மங்கலாகத் தெரியும் வளையம்போல வெளியே இருக்கும் என்று அந்தப் பெயரில்லாதவர் முதலிலேயே எச்சரித்துவிடுகிறார்.

கதை இடையிடையே அறுந்து படகுக்குத் திரும்பும். யாரோ சலித்துக்கொள்வார்கள், ஒரு தீக்குச்சி வெளிச்சத்தில் மார்லோவின் முகம் தெரியும், இருட்டில் யார் விழித்திருக்கிறார்கள், யார் தூங்கிவிட்டார்கள் என்றே தெரியவில்லை என்பார் நம் ஆள். இந்த இடங்களை எல்லாம் கோடிடுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் கம்பெனிகளின் இயக்குநர், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் கணக்காளர். லண்டனின் பணமும் சட்டமும் பேரேடும் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. அவர்கள் முகத்துக்கு நேராக மார்லோ சொல்கிறார்: பூமியை வெல்வது என்பது பெரும்பாலும் வேறு நிறமும் கொஞ்சம் சப்பையான மூக்கும் உள்ளவர்களிடமிருந்து அதைப் பறிப்பதுதான், உற்றுப் பார்த்தால் அது அழகான காரியம் அல்ல என்று. அடுத்த மூச்சிலேயே, அதை மீட்பது அதன் பின்னுள்ள ‘கருத்து’ மட்டுமே என்கிறார். இந்த இரண்டாவது வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் அதற்கான விலை வரும்.

5. பொருள்களுக்கு ஒரு நோட்டு

இதுதான் முக்கியமான படி. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் கையால் தொடக்கூடிய பொருள்கள், மற்றொன்றில் மூட்டமான சொற்கள். ‘இன்ஸ்க்ரூட்டபிள்’, ‘அன்ஸ்பீக்கபிள்’, ‘இன்கன்சீவபிள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வரும், அறியமுடியாதது, சொல்லமுடியாதது, நினைக்கமுடியாதது என்று. விமர்சகர் எஃப். ஆர். லீவிஸ் 1948-லேயே இந்த அடைமொழி மழையைக் குறையாகச் சொன்னார். நான் லீவிஸ் பக்கம்தான். மூட்டம் கூடும் இடத்தில் கான்ராட் எதையோ பார்க்காமல் தாண்டுகிறார். பொருள் வரும் இடத்தில் அவர் கண்ணை ஏமாற்ற முடியாது.

கரையோர நிலையத்தில் என்ன இருக்கிறது? புல்லில் மல்லாந்து கிடக்கும் கொதிகலன். வண்டியில் கொண்டுவந்து கவிழ்த்த வடிகால் குழாய்கள், ஒன்றுகூட உடையாமல் இல்லை. ரயில் பாதைக்காக என்று சொல்லி, வழியில் குறுக்கே நிற்காத குன்றை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். கழுத்தில் இரும்பு வளையமும் சங்கிலியுமாக ஆறு பேர் மண் சுமக்கிறார்கள். பக்கத்திலேயே மரநிழலில், வேலைக்கு லாயக்கற்றுப் போனவர்கள் ஒதுங்கிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஓர் இளைஞன் கழுத்தில் வெள்ளைக் கம்பளி நூல் ஒன்றைக் கட்டியிருக்கிறான். கடல் தாண்டி வந்த அந்த நூல் எப்படிக் கிடைத்தது, ஏன் கட்டினான், அழகுக்கா, தாயத்தா என்று மார்லோ கேட்டுக்கொள்கிறார். பதில் இல்லை. சில அடி தள்ளிப் போனால் தலைமைக் கணக்காளர் கஞ்சி போட்ட காலரோடு, பேரேட்டில் ஒரு தப்பும் இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நடு நிலையத்தில் ரிவிட் ஆணிகள். மார்லோவின் படகு மூழ்கிக் கிடக்கிறது, தகடு பொருத்த ரிவிட் வேண்டும். கரையோர நிலையத்தில் குனிந்தால் பை நிறைய அள்ளலாம், அவ்வளவு சிதறிக் கிடந்தன. இங்கே ஒன்றுகூட இல்லை. வாரத்துக்குப் பலமுறை சுமைக்காரர்கள் வருகிறார்கள், கண்ணாடி மணிகளும் மட்டமான துணியும் புள்ளிபோட்ட கைக்குட்டைகளும் வருகின்றன, ரிவிட் வருவதில்லை. மாதக்கணக்கில் இந்தக் காத்திருப்பு நீள்வதைப் பார்த்துக் கதை நின்றுவிட்டது என்று வாசகர் அலுத்துக்கொள்கிறார். நின்றது கதை இல்லை. மேலாளருக்குக் கர்ட்ஸ் மேல் பொறாமை. படகு எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவுக்கு நோயாளியான கர்ட்ஸ் சாக வாய்ப்பு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரிவிட்தான் சொல்கிறது.

அப்புறம் பித்தளைக் கம்பி. படகில் வேலை செய்யும் ஆப்பிரிக்கர்களுக்கு வாரச் சம்பளம் ஒன்பது அங்குல நீளத்தில் மூன்று துண்டுக் கம்பி. அதைக் கொடுத்துக் கரையோரக் கிராமங்களில் சாப்பாடு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கிராமங்களோ இல்லை, இருந்தால் பகையாக இருக்கின்றன, அதுவும் இல்லையென்றால் படகை நிறுத்த மனமில்லை. அவர்கள் கொண்டுவந்த நீர்யானைக் கறியை நாற்றம் தாங்காமல் வெள்ளையர்கள் ஆற்றில் வீசிவிட்டார்கள். சம்பளம் மட்டும் பெரிய, நாணயமான வணிக நிறுவனத்துக்கு உரிய ஒழுங்கோடு வாரம் தவறாமல் பட்டுவாடா ஆகிறது என்கிறார் மார்லோ. காலனியப் பொருளாதாரத்தைப் பற்றி எத்தனையோ பக்கம் படித்திருக்கிறேன். அந்த மூன்று துண்டுக் கம்பி அளவுக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை.

6. அம்பு என்று புரியும்வரை காத்திருங்கள்

இரண்டாம் பாகத்தில் படகைச் சுற்றிச் சின்னச் சின்னக் குச்சிகள் பறக்கின்றன. குச்சியா, ஏன் குச்சி என்று நீங்கள் பின்னால் புரட்டுவீர்கள். வேண்டாம். சில வரி போனதும் மார்லோவுக்கே உறைக்கும்: அம்புகள்! சுக்கான் பிடிப்பவர் நீளமான ஒரு கம்பைப் பிடித்தபடி விழுகிறார்; பிறகுதான் அது அவர் விலாவில் பாய்ந்த ஈட்டி என்று தெரிகிறது. கர்ட்ஸ் வீட்டெதிரே கம்பங்களில் உருண்டையாக ஏதோ வேலைப்பாடு தெரிகிறது. தொலைநோக்கியில் பார்த்தால் மனிதத் தலைகள், ஒன்றைத் தவிர எல்லாம் வீட்டைப் பார்த்தபடி. கண் பார்த்ததை முதலில் எழுதி, மூளை கண்டுபிடித்ததைப் பிறகு எழுதுவது கான்ராடின் முறை. ஒரு வரி விளங்காவிட்டால் ஐந்து வரி முன்னே போங்கள், பின்னே போகாதீர்கள்.

தலைகள் மிகைக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஸ்டான்லி ஃபால்ஸில் லியோன் ரோம் என்ற பெல்ஜிய அதிகாரி தன் வீட்டு முன் பூம்பாத்தியைச் சுற்றி 21 தலைகளை அடுக்கியிருந்த செய்தி, நாவலுக்கு முன்பே பத்திரிகையில் அச்சாகியிருந்தது.

7. கர்ட்ஸைக் கண்டு ஏமாறாதீர்கள்

இரண்டு பாகம் முழுக்கப் பேச்சாகவே வளர்ந்த மனிதர் மூன்றாம் பாகத்தில் ஸ்ட்ரெச்சரில் வருகிறார். எலும்பும் குரலும்தான் மிச்சம். கொஞ்சம் பேசி இறந்துவிடுகிறார். இதற்கா இவ்வளவு என்று தோன்றும், தோன்றட்டும். அவரைப் புரிந்துகொள்ள அவர் பேச்சைவிட அவர் எழுதிய அறிக்கை உதவும். ‘காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிக்கும் சர்வதேசச் சங்கம்’ கேட்டு எழுதியது, பதினேழு பக்கம், ஒரே கருணை மயம். கடைசிப் பக்கத்தின் அடியில் பிற்பாடு நடுங்கும் கையால் கிறுக்கிய ஒரு வரி: அந்த மிருகங்களை எல்லாம் ஒழித்துக்கட்டு! ஊர் திரும்பிய மார்லோ அந்த வரியைக் கிழித்துவிடுகிறார்; பத்திரிகைக்காரரிடம் போகும் அறிக்கையில் அது இல்லை. அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

8. முடித்ததும் அச்செபேயை வாசியுங்கள்

1975 பிப்ரவரியில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை இந்த நாவலின் தலையெழுத்தை மாற்றியது. கான்ராடை அவர் இனவெறியர் என்றார், அதுவும் கடுமையான அடைமொழியோடு. பின்னால் அடைமொழியை மட்டும் கொஞ்சம் மாற்றினார். ஓர் அற்ப ஐரோப்பிய மனம் சிதைவதைக் காட்ட ஒரு கண்டத்தையே பின்திரையாக்கியதுதான் அவருடைய முதன்மைக் குற்றச்சாட்டு. பேசுவது மார்லோதானே, கான்ராட் இல்லையே என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. மார்லோவை மறுக்க ஒரு மாற்றுப் பார்வையின் சாயலைக்கூட ஆசிரியர் வைக்கவில்லையே என்று கேட்டார்.

இப்போது உங்கள் புள்ளிகளுக்குத் திரும்புங்கள். ஆப்பிரிக்கர்கள் வாய் திறந்து பேசும் இடங்களை எண்ணுங்கள். ஒரு கை விரல்கள் போதும். ஒருவர் எதிரிகளைப் பிடித்துக் கொடு, தின்கிறோம் என்கிறார். இன்னொருவர் கர்ட்ஸ் செத்த செய்தியைச் சொல்கிறார். மற்றபடி வெறும் ஓசை. ஆற்றங்கரையில் நிற்கும் ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு இரண்டு பக்கம் வர்ணனை உண்டு, ஒரு சொல் கிடையாது. கர்ட்ஸுக்கு நிச்சயிக்கப்பட்ட வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒரு முழுக் காட்சியே பேச்சுதான்.

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள் என்று ஒரு சமாதானம் வழக்கமாக வரும். அதை ஏற்குமுன் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவர், வரலாற்றாசிரியர். கான்ராட் ஸ்டான்லி ஃபால்ஸ் போய்ச் சேருவதற்குச் சில வாரம் முன்பு, 1890 ஜூலையில், அதே இடத்திலிருந்து லியோபோல்டுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். குற்றச்சாட்டுகள் வரிசை எண் போட்டு, தெளிவாக, அறியமுடியாதது சொல்லமுடியாதது என்று ஒன்றும் இல்லாமல். அதே ஆறு, அதே வருடம்.

அச்செபே சொன்னதால் நாவலைத் தூக்கிப்போட வேண்டுமா? நான் போடவில்லை. விமர்சகர் எட்வர்ட் சயித் 1993-இல் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது: ஏகாதிபத்தியம் என்பது நிலப்பறிப்பு என்று கான்ராடுக்குத் தெரிந்திருந்தது, அது முடிந்து அந்த மக்கள் சுதந்திரமாக வாழலாம் என்று நினைத்துப்பார்க்க முடியவில்லை. உங்கள் நோட்டின் இரண்டு பத்திகளும் இதைத்தான் காட்டும். கம்பியையும் குழாயையும் பார்த்த கண், அந்தக் கம்பியை வாங்கிக்கொண்டவர் என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை.

9. பொய்யிலிருந்து முதல் பக்கத்துக்கு

முதல் பாகத்தின் நடுவில் மார்லோ சொல்வார்: பொய் என்றால் எனக்கு ஆகாது, அதில் சாவின் வாடை அடிக்கிறது என்று. அந்தப் பக்கத்தில் ஒரு அட்டையைச் செருகிவைத்துக் கடைசிக் காட்சிக்கு வாருங்கள். கர்ட்ஸ் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் கழிந்துவிட்டது. அவருக்கு நிச்சயிக்கப்பட்டு இன்னும் துக்க உடையிலிருக்கும் அந்தப் பெண்ணைப் பார்க்க மார்லோ போகிறார். அறை மூலையில் பளபளப்பான சவப்பெட்டிபோல ஒரு பெரிய பியானோ. தந்தம் என்ற சொல் அங்கே வராது; அக்காலப் பியானோக் கட்டைகள் எதில் செய்யப்பட்டன என்பது வாசகருக்குத் தெரிந்திருக்கும் என்று கான்ராட் விட்டுவிட்டார். கர்ட்ஸ் கடைசியாக என்ன சொன்னார் என்று அவள் கேட்கிறாள். சொன்னது ‘கொடூரம்! கொடூரம்!’ மார்லோ, “உங்கள் பெயரைச் சொன்னார்” என்கிறார்.

இரக்கமா, கோழைத்தனமா என்று விவாதிக்கலாம். நான் அந்தக் கிழித்தெடுத்த வரியை நினைத்துக்கொள்கிறேன். ஊருக்குத் திரும்பிய மார்லோ உண்மை வெளியே போகாமல் இரண்டு இடத்தில் அடைத்திருக்கிறார், ஒன்று பத்திரிகைக்கு, ஒன்று வீட்டுக்கு. ‘கருத்து’ கறைபடாமல் நிற்கிறது.

புத்தகத்தை மூடியதும் அதே அமர்வில் முதல் நான்கு பக்கங்களை மறுபடி வாசியுங்கள். நம் பெயரில்லாதவர் அங்கே தேம்ஸிலிருந்து கிளம்பிப்போன மாலுமிகளைப் புகழ்ந்து, புனிதத் தீயின் பொறியைச் சுமந்துபோனவர்கள் என்று உருகிக்கொண்டிருப்பார். கடைசி வரியில் அதே தேம்ஸ் பேரிருளின் நெஞ்சுக்குள் போவதாக அவர் கண்ணுக்கே தெரிகிறது. மாறியவர் அவர் ஒருவர்தான். இயக்குநர் சொல்வதெல்லாம், ஓதத்தின் முதல் வற்றத்தைத் தவறவிட்டோம் என்பது மட்டும்.

அந்த முதல் பக்கங்களில் இன்னொன்றும் இருக்கிறது, முதல் தடவை எனக்குத் தெரியவே இல்லை. கணக்காளர் ஒரு டோமினோ பெட்டியைத் திறந்து கட்டைகளை வீடு கட்டுவதுபோல அடுக்கிக்கொண்டிருக்கிறார். கான்ராட் அவற்றைக் கட்டைகள் என்று சொல்வதில்லை, ‘எலும்புகள்’ என்கிறார்; ஆங்கிலத்தில் டோமினோவுக்கு அப்படியொரு பெயர் உண்டு. ஏனோ தெரியவில்லை, அன்று அந்த ஆட்டத்தை அவர்கள் ஆரம்பிக்கவே இல்லை.